ஆக்லாந்திலிருந்து வெலிங்டனுக்கு: ஒரு பிளக்-இன் ஹைப்ரிட் காரின் செலவுக் கணக்கு

முதல் நாள்: ஆக்லாந்து – டாவ்போ

பள்ளி விடுமுறை. மவுண்ட் ராஸ்கிலில் இருந்து லோயர் ஹட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறோம். விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் மகளுக்கு டாவ்போ ஏரியையும் ருவாபெஹு மலையின் பனியையும் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதோடு, எங்கள் வண்டி நெடுந்தூரத்தில் உண்மையில் என்ன செலவு வைக்கிறது என்று வழியெல்லாம் எழுதிவைக்கும் ஆசையும் இருந்தது.

வண்டி ஒரு மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைப்ரிட், அதாவது பெட்ரோலிலும் ஓடும், வயர் மாட்டி ஏற்றிய மின்சாரத்திலும் ஓடும். ஜப்பானில் ஓடி, பழைய வண்டியாக நியூசிலாந்துக்கு இறக்குமதியானது. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், முன்னும் பின்னும் ஒவ்வொரு மின்மோட்டார், அடியில் 12 யூனிட் பேட்டரி. புதிதாக விற்றபோது ஒரு சார்ஜுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றார்கள். வயதான பேட்டரி இது. ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் 40 வரும், நெடுஞ்சாலையில் 30ஐத் தாண்டினால் நல்லது.

வாங்க நினைக்கும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது? இந்த வண்டிக்கு அதற்கு ஒற்றை விடை கிடையாது. அந்தக் கிலோமீட்டரை எதில் ஓட்டினோம், மின்சாரம் என்றால் அதை எங்கே ஏற்றினோம் என்பதைப் பொறுத்து விடை நான்கு மடங்கு வரை மாறும்.

வீட்டில் ஏற்றுவதிலிருந்து தொடங்குகிறேன். இரவு நேரத்தில் யூனிட் 20 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியான பேட்டரி நிறைய சுவரிலிருந்து 10 யூனிட் போல இழுக்கும். 2 டாலர், 40 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 5 சென்ட். இரவில் சில மணி நேரம் மின்சாரத்தை இலவசமாகவே கொடுக்கும் திட்டங்களும் இங்கே உண்டு. கான்டாக்ட் என்ற மின்சார நிறுவனத்தின் ஒரு திட்டத்தில் இரவு 9 முதல் 12 வரை இலவசம். ஆனால் சாதாரண மூன்று பின் பிளக்கில் 8 ஆம்பியரில் ஏற்றினால் அந்த மூன்று மணி நேரத்தில் ஐந்தரை யூனிட்தான் ஏறும், பாதி பேட்டரி. எலெக்ட்ரீஷியனை வைத்து 16 ஆம்பியர் சுவர் சார்ஜர் போட்டால் அதே நேரத்தில் முழுசும் நிறையும். இந்தத் திட்டங்களில் பகல் நேர விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பகலில் யாரும் இல்லாத வீட்டுக்கு அது பெரிய பாரமில்லை, வயதான பெற்றோர் நாள் முழுக்க ஹீட்டர் போட்டிருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது.

இன்று காலை முழு பேட்டரியோடு கிளம்பினோம். தெற்கு மோட்டார்வேயில் மானுக்காவ் வரை வழக்கமான நெரிசல். நின்று நின்று நகரும் அந்த இடம்தான் இந்த வண்டிக்குச் சொர்க்கம். எஞ்சின் ஒருமுறைகூட உறுமவில்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திரும்ப உள்ளே அனுப்புகிறது. பாம்பே குன்றுகளில் ஏறும்போது பேட்டரி தீர்ந்து எஞ்சின் முழித்துக்கொண்டது. (அந்த ஊர்ப் பெயருக்கும் நம் பம்பாய்க்கும் நேரடி உறவில்லை. 1863இல் குடியேறிகளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் பாம்பே.)

அப்புறம் வைக்காட்டோ எக்ஸ்பிரஸ்வே. 110 வரை அனுமதி. 110இல் போனால் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டரை எட்டுகிறது, 100இல் போனால் 8க்குக் கீழே வருகிறது. ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள பெட்டி வடிவ வண்டி, காற்றைக் கிழிக்கத்தான் பெட்ரோல் போகிறது. நான் 100ஐத் தாண்டவில்லை. மனைவி ஹாமில்டன் வரை பொறுத்துக்கொண்டு, கேம்பிரிட்ஜில் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்.

டீராவில் தகரத்தால் செய்த நாய் வடிவக் கட்டடத்தின் முன்னால் மகளை நிற்கவைத்துப் படம் எடுத்தோம். டோகொரோவா தாண்டிப் பைன் காடுகள். மாலையில் டாவ்போ. அங்கே டாங்கை மறுபடி நிரப்பினேன். 91 பெட்ரோல் லிட்டர் 2.60 டாலர். கிட்டத்தட்ட 19 லிட்டர், 50 டாலருக்குச் சற்றுக் குறைவு. தெற்கே அடுத்து வரும் பாலைவனச் சாலைப் பக்கத்துச் சிற்றூர்களில் விலை கூடும் என்பதால் இங்கேயே நிரப்பிவிடுவது நல்லது.

இரண்டாம் நாள்: டாவ்போ

மோட்டல்காரரிடம் நேற்றே கேட்டிருந்தேன். "ஐந்து டாலர் கொடுத்துவிட்டு வெளிச்சுவர் பிளக்கில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். 5 டாலருக்கு 40 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 12 சென்ட் சொச்சம். நேற்று நெடுஞ்சாலையில் பெட்ரோலுக்கு ஆனது 21 சென்ட். சந்தோஷமாகக் கொடுத்தேன். பத்து டாலர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அது பெட்ரோலை விட அதிகம்.

ஊர் நடுவே வேகச் சார்ஜரும் இருக்கிறது. எங்கள் வண்டியில் அதற்கான சாடெமோ வகைப் பிளக் வாயும் உண்டு, பிளக்-இன் ஹைப்ரிட்களில் அது அரிது. யூனிட் 80 சென்ட் சுற்றி விலை. அரை மணி நேரத்துக்குள் 80 சதவீதம் ஏறும். 8 யூனிட், 6.40 டாலர், 32 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 20 சென்ட். பெட்ரோலுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. காசைத் தாண்டி இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாங்கள் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் நிசான் லீஃப் போல ஒரு முழு மின்கார் வந்தால், அதை ஓட்டுபவருக்கு வேறு வழியில்லை. எங்களிடம் டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது. பயணத்தில் வேகச் சார்ஜரை முழு மின்கார்களுக்கு விட்டுவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

காலையில் நல்ல குளிர். ஹீட்டர் பொத்தானைத் தொட்டதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது, பேட்டரி முழுதாக இருந்தும். பழைய அவுட்லாண்டர்களில் பலவற்றுக்கு மின்சார ஹீட்டர் கிடையாது. உள்ளே சூடு வேண்டுமென்றால் எஞ்சின் சூடாக வேண்டும். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு எஞ்சினைச் சூடாக்கி அணைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பெட்ரோல் செலவு. பழைய வண்டி வாங்குபவர்கள் மின்சார ஹீட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குளிர்காலத்தில் மின்சாரத்தில் ஓட்டும் கணக்கையே அது மாற்றிவிடும். நாங்கள் இருக்கைச் சூட்டை மட்டும் போட்டுக்கொண்டு, பின்னால் மகளுக்கு ஒரு கம்பளியைக் கொடுத்தோம்.

ஹூக்கா அருவி. டாவ்போ ஏரியிலிருந்து வெளியேறும் வைக்காட்டோ ஆறு ஒடுங்கிய பாறை வாய்க்குள் புகுந்து, விநாடிக்கு 2 லட்சம் லிட்டருக்கும் மேல், வெள்ளையும் நீலமுமாகப் பாய்கிறது. பாலத்தில் நின்றால் காலடி அதிர்கிறது. அங்கிருந்து அராட்டியாட்டியா. அணைக் கதவை 12 மணிக்குத் திறப்பார்கள் என்று போய்க் காத்திருந்தோம். வெறும் பாறையாகக் கிடந்த பள்ளத்தாக்கு சில நிமிடங்களில் நிரம்பி வழிந்தது. மகள் கத்திய கத்தல் பக்கத்தில் நின்றவர்களையும் சிரிக்கவைத்தது.

இந்த அணையில் தொடங்கி கேம்பிரிட்ஜ் பக்கத்து கராப்பிரோ வரை ஒரே ஆற்றில் அடுத்தடுத்து எட்டு அணைகள். பக்கத்திலேயே வைராக்கே, பூமிக்கடியின் நீராவியில் 1958 முதல் மின்சாரம் எடுக்கும் நிலையம். சாலையோரம் குழாய்களும் அவற்றிலிருந்து எழும் ஆவியும். இந்த நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இப்படி நீரிலும் நீராவியிலும் காற்றிலும் வருவது. வீட்டில் இரவு 9 மணிக்கு வயரை மாட்டும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு வருவதற்கு இந்த ஆறுதான் காரணம். ஆறு வற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஆகஸ்டில் அணைகளில் தண்ணீர் குறைந்து மொத்த விலை மின்சாரம் எங்கோ ஏறியது. வீட்டு விலை அன்றே ஏறவில்லை, ஆனால் அடுத்தடுத்த பில்களில் தெரிந்தது.

இன்று முழுக்க ஏரிக்கரையும் ஊரும் சுற்றினோம். காலையில் ஹீட்டருக்காக ஓடியதைத் தவிர எஞ்சின் ஒருமுறையும் ஓடவில்லை. சாயங்காலம் மோட்டலில் மறுபடி ஐந்து டாலர்.

மூன்றாம் நாள்: டாவ்போ – லோயர் ஹட்

சாலை வரியைப் பற்றி இன்று எழுதிவிட வேண்டும். நியூசிலாந்தில் இந்த வண்டியின் கணக்கைப் புரட்டிப்போட்டது அதுதான்.

இங்கே பெட்ரோல் வண்டிக்காரர்கள் சாலைக்கான பங்கைப் பம்பிலேயே கட்டிவிடுகிறார்கள். லிட்டருக்கு 70 சென்ட் போல, அதன்மேல் 15 சதவீத ஜிஎஸ்டி. டீசல் வண்டிகள் ஓடும் தூரத்துக்குக் கட்ட வேண்டும். அதற்குப் பெயர் ரோடு யூசர் சார்ஜ், சுருக்கமாக ஆர்யூசி. 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர். முன்கூட்டியே வாங்கி, கண்ணாடியில் லேபிள் ஒட்ட வேண்டும். மின்கார்களுக்கு 2024 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. ஏப்ரல் 1 முதல் அவர்களும் 76 கட்டுகிறார்கள். பிளக்-இன் ஹைப்ரிட்கள் பெட்ரோலும் வாங்குகின்றன என்பதால் முதலில் 53 டாலர் என்று சொல்லி, பிறகு 38 ஆகக் குறைத்தார்கள்.

38 கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓடோமீட்டரில் ஏறும் எல்லாக் கிலோமீட்டருக்கும். இன்று பெட்ரோலில் ஓட்டியதற்கும் அதே 3.8 சென்ட். 100 கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்ட 8 லிட்டர் போகிறது. பம்பில் கட்டிய சாலை வரி ஜிஎஸ்டியோடு 6.44 டாலர், ஆர்யூசி 3.80. மொத்தம் 10.24. அதே தூரத்துக்கு முழு மின்காரும் டீசலும் கட்டுவது 7.60. பிளக் இல்லாத சின்ன ஹைப்ரிட்டான டொயோட்டா அக்வா கட்டுவது நான்கு டாலருக்கும் கீழே, அதற்கு ஆர்யூசியே கிடையாது. நெடுஞ்சாலையில் இவற்றில் சாலைக்கு அதிகம் கொடுப்பது நாங்கள்தான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பேட்டரியில் மட்டும் ஊருக்குள் ஓட்டுபவருக்கு 38 மலிவு, நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இரட்டை வரி. இரண்டு பேரையும் ஒரே எண்ணில் அடைக்கிறார்கள். எல்லாப் பெட்ரோல் வண்டிகளையும் தூரக் கணக்குக்கு மாற்றப்போவதாக 2025 ஆகஸ்டில் போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் பிஷப் அறிவித்தார். பம்பு வரி போய் எல்லாரும் தூரத்துக்குக் கட்டும் நாள் வந்தால் இந்தக் கோணல் தீரும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். டூராங்கி வரை ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை. அப்புறம் பாலைவனச் சாலை ஏறுகிறது, 1000 மீட்டருக்கும் மேல். இடப்பக்கம் மின்கோபுரங்கள், வலப்பக்கம் வெறும் புல்வெளிக்குப் பின்னால் ருவாபெஹு, 2797 மீட்டர், தோள் வரை பனி. வண்டியை ஓரம் நிறுத்திப் பத்து நிமிடம் நின்றோம். காற்று கதவைப் பிடுங்கியது.

காலையில் நிறைந்திருந்த பேட்டரியை நான் இங்கே தொடவில்லை. சேவ் பொத்தானை அழுத்தினால் பேட்டரியை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினில் போகும். 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்ற முடியும், நெடுஞ்சாலைதான் அதற்குச் சரியான இடம். பேட்டரியை மெதுவாகப் போகும் இடத்துக்கு வைத்துக்கொள்வது சிக்கனம். சார்ஜ் என்று இன்னொரு பொத்தானும் உண்டு, அது எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரியை நிரப்பும். பெட்ரோலை மின்சாரமாக்கி, மறுபடி ஓட்டமாக்கும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக நஷ்டம். மலைச் சாலையில் எஞ்சின் தனியாகத் திணறும் என்ற பயம் இருந்தால் மட்டும் அதை அழுத்தலாம்.

வையூருவிலிருந்து டைஹாப்பி வரை நீளமான இறக்கம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பை இழுத்து, மோட்டாரின் பிடிப்பு மிக அதிகமான பி5 நிலையில் வைத்தால், பிரேக்கைத் தொடாமலே வண்டி தன்னைப் பிடித்துக்கொள்கிறது. இப்படி ஓட்டுவதால் பிரேக் பேட் வருடக்கணக்கில் தேய்வதே இல்லை. ஆனால் பயன்படுத்தாத பிரேக் துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறையாவது காலால் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று எங்கள் மெக்கானிக் சொல்வார்.

பராமரிப்பைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல வேண்டும்: பெட்ரோல் வண்டிக்கு உண்டான ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் இதற்கும் உண்டு. எஞ்சின் குறைவாக ஓடினாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். டாங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும் என்பதால், வண்டி தானே எஞ்சினை அவ்வப்போது ஓடவிடும். முழு மின்கார் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவுகள் இல்லை. பேட்டரியின் உடல்நிலையை வாங்குவதற்கு முன்பே கருவி வைத்து அளந்து பார்ப்பது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

மாங்கவேக்கா, ஹன்டர்வில், புல்ஸ், லெவின். கடைசியில் டிரான்ஸ்மிஷன் கல்லி, 2022 மார்ச் கடைசியில் திறந்த 27 கிலோமீட்டர் சாலை. கடலோரத்திலிருந்து 253 மீட்டர் உச்சிக்குச் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் எஞ்சின் அலறியது, இறக்கத்தில் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வந்தது. சேர்த்துவைத்த பேட்டரியில் லோயர் ஹட் வரை சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தோம். அக்கா ரசம் வைத்திருந்தார்.

நான்காம் நாள்: லோயர் ஹட்

வெளியே மழை. சாப்பாட்டு மேசையில் கணக்கைப் போட்டோம். அத்தானிடம் இருப்பது அந்த டொயோட்டா அக்வா. போன வருடம் எங்கள் வீட்டுக்கு அதில்தான் வந்தார்.

டாவ்போ சுற்றலையும் சேர்த்து 710 கிலோமீட்டர். பெட்ரோல் 46.5 லிட்டர், 121 டாலர். மோட்டல் மின்சாரம் 10 டாலர். ஆர்யூசி 27 டாலர். மொத்தம் 158. புறப்படும்போது வீட்டில் ஏற்றியது இரண்டு டாலருக்குள், அதை விட்டுவிட்டேன்.

"எனக்கு நூறு கிலோமீட்டருக்கு 4.8 லிட்டர் மாப்பிள்ளை" என்றார் அத்தான். 34 லிட்டர், 89 டாலர். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. எங்களை விட 69 டாலர் குறைவு. எங்கள் வண்டியின் அளவிலேயே ஹைப்ரிட் இல்லாத சாதாரணப் பெட்ரோல் எஸ்யூவி 9 லிட்டர் குடித்தால் 166 டாலர். முழு மின்காரை வழியில் வேகச் சார்ஜரிலேயே பெரும்பாலும் ஏற்றிக்கொண்டு வந்தால், ஆர்யூசி 54, மின்சாரம் 95 அளவில், அதுவும் 150க்கு வந்துவிடுகிறது. நெடுந்தூரத்தில் பிளக்-இன் ஹைப்ரிட் ஒரு சாதாரண எஸ்யூவிதான், கூடவே 200 கிலோ பேட்டரியைச் சுமந்துகொண்டு போகிறது.

வார நாள் கணக்குக்கு வந்ததும் அத்தான் அமைதியானார். ஆக்லாந்தில் வாரம் 200 கிலோமீட்டர், முழுக்க மின்சாரத்தில். இரவு விலையில் 10 டாலர், ஆர்யூசி 7.60. மொத்தம் 17.60. அக்வாவுக்கு ஊருக்குள் 10 லிட்டர், 26 டாலர். வாரம் 8 டாலர் போல எங்களுக்கு மிச்சம். அந்த 69 டாலரை ஈடுகட்ட எட்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். இலவச நேரத்திலேயே முழுக்க ஏற்ற முடிந்தால் நான்கு வாரம் போதும். சாதாரண எஸ்யூவியோடு ஒப்பிட்டால் வாரம் 40 டாலர் மிச்சம், ஏனென்றால் அது ஊருக்குள் 11 லிட்டர் குடிக்கும். அக்வாவில் எங்கள் மூன்று பேரோடு அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு, டிக்கியில் வீல்சேரை வைக்க முடியாது. நான் ஒப்பிட வேண்டியது அந்த எஸ்யூவியோடுதான்.

அத்தான் இவ்வளவு விவரமாகக் கேட்டதற்குக் காரணம் மத்தியானம்தான் தெரிந்தது. அக்கா மகள் வெலிங்டன் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறாள். பழைய அவுட்லாண்டர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறதாம்.

"தங்கியிருக்கிற இடத்துல பிளக் இருக்கா?" என்று கேட்டேன்.

"நியூடவுன்ல வாடகை ஃப்ளாட் மாமா. கார் தெருவுலதான் நிக்கும்" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னேன். தெருவில் நிற்கும் வண்டிக்கு வேகச் சார்ஜர்தான் கதி. அப்போது ஒவ்வொரு கிலோமீட்டரும் பெட்ரோல் விலைக்கே ஓடும், மேலே 3.8 சென்ட் ஆர்யூசி வேறு. ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்குச் சார்ஜ் வசதி உண்டா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன், இருந்தால் மறுபடி யோசிக்கலாம். இல்லையென்றால் அப்பாவைப் போல ஒரு அக்வாவே அவளுக்குச் சரி.

சாயங்காலம் ஓடோமீட்டரைப் பார்த்தேன். திரும்பிப் போகும் வழியில் ஆர்யூசி தீர்ந்துவிடும். இணையத்தில் 5000 கிலோமீட்டருக்கு வாங்கினேன், 190 டாலர். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் 12 டாலருக்கு மேல் நிர்வாகக் கட்டணம் போடுகிறார்கள். ஆயிரம் ஆயிரமாக வாங்கினால் கிலோமீட்டருக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் அதிலேயே போய்விடும், அதனால் மொத்தமாக வாங்கிவிடுங்கள். அத்தான் வீட்டு கராஜ் பிளக்கில் வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. நாளை மழை விட்டால் பெட்டோன் கடற்கரை.